நெல் ஸ்டோரில் ஒரு கலைக் கல்லூரி

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த சில வாரங்களில், மெய்யியலில் சிறப்புப் பட்டம் முடித்துக்கொண்டு நான் சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்தேன். இரண்டு சேதத்தையும் ஊர் ஒரே மாதிரித்தான் விசாரித்தது. வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் வளவில் விழுந்து கிடந்த தென்னைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "மறுகா என்ன செய்யப்போறயாம் இந்தப் புள்ள?" என்று உம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாமிக்கு மட்டும் விஷயம் ஆழமாகத் தெரிய வேண்டியிருந்தது.

"மெய்யியல் என்டா என்ன படிப்பு கா?"

"கண்ணுக்குத் தெரியாததப் பத்திப் படிக்கிறயாம். அவட வாப்பா சென்னார்" என்றா உம்மா.

"அதுக்குத்தானே நம்மட மத்ரஸா இரிக்கி. கண்டிப் பக்கம் போய்ப் படிக்கணுமா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான்கு வருஷம் படித்த நான் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

பட்டதாரி நியமனம் அடுத்த மாதம் வரும் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார்கள். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அந்த நாட்களில்தான் எங்கள் ஊருக்கு ஒரு கலைக் கல்லூரி வந்தது. அது எப்படி வந்தது என்று கூட்டங்களில் இப்போது வேறு வேறு கதை சொல்கிறார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

அந்தச் சூறாவளி எங்கள் ஊர்ப் போடியாரின் நெல் ஸ்டோர் கூரையையும் கழற்றிக்கொண்டு போயிருந்தது. போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெருவயற்காரர். சவளக்கடைப் பக்கம் வரம்பில் ஏறி நின்று பார்த்தால் கண் களைக்கும் வரைக்கும் அவருடைய வயல்தான். கூரைத் தகரங்களில் பாதியைக் கடல் கொண்டுபோனது. மீதிப் பாதி ஊர் முழுக்க யார் யாருடையவோ கோழிக் கூடுகளைக் காத்துக்கொண்டிருந்தது. ஸ்டோரின் நான்கு தடித்த சுவர்களும் அசையாமல் நின்றன. உள்ளே ஆடுகள் குடியேறியிருந்தன. போடியார் தன் நெல் ஆலைக்குப் பக்கத்தில் புதிய ஸ்டோர் கட்டிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அவரைப் பிரதம அதிதியாக அழைத்தார்கள். அறிவிப்பாளர் உற்சாகத்தில் அவரைக் 'கல்வித் தந்தை' என்று சொல்லிவிட்டார். போடியாருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கல்விக்குத் தகப்பனாக அவர் இதுவரைக்கும் என்ன செய்திருக்கிறார்? பட்டம் கிடைத்துவிட்டது. அதற்குரிய காரியம்தான் பாக்கி. யோசனை கேட்க, மூன்று மாதம் முன்பு ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த அதிகாரி முப்பது வருஷம் மற்றவர்களுடைய பாடசாலைகளில் குறை கண்டுபிடித்தவர். ஓய்வுபெற்ற பிறகு குறை காண எதுவும் இல்லாமல் வீட்டிலேயே இருந்தார். அவருடைய மனைவி அந்த மூன்று மாதத்தில் மெலிந்துபோனதாகக் கேள்வி. அவர் இளமையில் ஒரு பயிற்சிக்காக வெளிநாடு போனவர். அங்கே தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரி இருந்ததாம். மாணவர்கள் புல்தரையில் மரத்தடியில் அமர்ந்து வரலாறும் தர்க்கமும் இலக்கியமும் வானியலும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார்களாம். அந்தக் கல்லூரியின் வழவழப்பான படப் புத்தகம் ஒன்றை இருபது வருஷமாக அலுமாரியில் வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய்ப் போடியாருக்கு முன்னால் விரித்தார். கூரையில்லாத ஸ்டோரும் மரத்தடியும் அவருடைய மனதில் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரும் கூட வந்திருந்தார். வாப்பா கதிரை போட்டார். நான் அறை வாசல் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாளில் கல்லூரி அதிபராகப்போகிற அதிகாரி திட்டத்தை விளக்கினார். பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே எழுதும் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு ஆட்களைத் தயார்செய்வது, அதோடு பரந்த அறிவைக் கொடுப்பது.

"தொழில் ஒண்டும் படிச்சுக் குடுக்கிறல்லயா?" என்று பள்ளிவாசல்காரர் கேட்டார்.

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு இது?"

"மனிசனாக்கிறதுக்கு" என்றார் அதிகாரி.

போடியார் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அப்ப இவ்வளவு நாளும் நாம என்னவா இரிக்கம் சேர்?"

அதற்கு அந்தப் படப் புத்தகத்தில் படம் இருக்கவில்லை. அதிகாரி பேச்சை மாற்றி, வந்த காரியத்தைச் சொன்னார். பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் பெண் விரிவுரையாளர் ஒருவர் வேண்டும். ஊரில் பட்டம் முடித்த பெண்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். அவர்களில் வேலையில்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். இந்தக் கடும் போட்டியில் நான் தெரிவானேன்.

வாப்பாவுக்கு யோசனை. "புள்ள என்னத்தப் படிச்சுக் குடுக்கிற?"

"அளவையியல்" என்றார் அதிகாரி. "சரியா யோசிக்கிறது எப்பிடி என்டு."

"வீட்டுல இவ அதைத்தான் செய்யிறா. எங்களுக்கு அதால பெரிய கரைச்சல்" என்றார் வாப்பா. சம்மதித்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆடுகளை வெளியேற்றிக் கூரைக்குத் தென்னங்கிடுகு வேய்ந்தார்கள். எனக்கு மூன்று பதவிகள் கிடைத்தன. அளவையியல் விரிவுரையாளர், பெண்கள் பிரிவுப் பொறுப்பாளர், நூலகர். நூலகம் என்பது ஒரு அலுமாரி. அதன் பூட்டுத் திறப்பு அதிபரிடம் இருந்தது. புத்தகங்கள் பழுதாகக்கூடாது என்பதற்காக அவர் அதைத் திறப்பதே இல்லை.

தமிழ் இலக்கியத்துக்குப் பக்கத்து இந்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், மெலிந்த மனிதர். சைக்கிள் பாரில் குடையைக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் ஊர் முடிகிற இடத்தில்தான் அவருடைய ஊர் தொடங்குகிறது. மிதித்தால் கொஞ்ச நேரம்தான். பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் அதிபரிடம் கேட்டார்.

"வரலாறும் எனக்கு. சரி. இந்த வானியல் ஏன் என்ட தலையில?"

"வானம் எல்லாருக்கும் பொதுதானே மாஸ்டர்."

வகுப்புகள் பின்னேரம் நடந்தன. நட்சத்திரம் முளைக்குமுன் கடைசி பஸ் போய்விடும். ஆகவே எங்கள் மாணவர்கள் வானியலில் சூரியனைப் பற்றி மட்டும் மிக ஆழமாகக் கற்றார்கள்.

திறப்பு விழாவுக்குப் பெயர்ப் பலகை எழுதக் கல்முனையிலிருந்து ஆள் வந்தார். அழகான கையெழுத்து. முதல் நாள் மாலை பலகையை ஏற்றினார்கள். மறுநாள் காலை அதிபர் வந்து பார்த்தபோது அதில் 'கலைக் கள்ளூரி' என்று இருந்தது. கள்ளு ஊறுகிற இடம் என்று ஊர் அதை வாசித்து முடித்திருந்தது. முஸ்லிம் ஊரின் நடுவில், பிரதான வீதியில், பள்ளிவாசலுக்கு எதிரே. அதிபர் தன் சட்டைப்பை லேஞ்சியால் அந்த எழுத்தைப் பொத்திக்கொண்டு ஏணியில் நின்றார். பெயின்ற் வந்து சேரும்வரைக்கும் இறங்கவில்லை. விழாப் பேச்சாளர்கள் எல்லோரும் இது ஒரு சரித்திர நாள் என்றார்கள். வந்திருந்த அரசியல் பிரமுகர் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதிபருக்குப் புல்தரை வேண்டும் என்று பிடிவாதம். படத்தில் இருந்ததே. வாசலில் புல் நட்டு, 'புல்லில் நடக்க வேண்டாம்' என்று அட்டை எழுதி வைத்தார். வெளியேற்றப்பட்ட ஆடுகள் தங்கள் பழைய வீட்டைத் தேடி வந்தன. அவை நடக்கவில்லை, மேய்ந்தன. ஒரு வாரத்தில் அட்டை மட்டும் மிஞ்சியது. அட்டையை அவர் கழற்றவில்லை. வெறும் மணலைச் சுற்றி எல்லோரும் ஒதுங்கி நடந்தோம்.

முதல் தொகுதியில் இருபதுக்குச் சற்று மேல் மாணவர்கள் சேர்ந்தார்கள். மருதமுனையிலிருந்து வந்த நெசவுக்கார இளைஞர் ஒருவர், கூட்டுறவுக் கடை எழுதுவினைஞர்கள், ஏ.எல். பாஸ் பண்ணியும் பல்கலைக்கழகம் கிடைக்காத பையன்கள். பெண்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் நான்கு பிள்ளைகளின் தாய். புருஷன் சவூதியில் லொறி ஓட்டினார். கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதிபருக்கு முன்னால் நேர்முகத்துக்கு வந்து நின்றா.

"நீங்க ஏன் படிக்க வாறீங்க?" என்று அதிபர் கேட்டார்.

"ஏ.எல். படிக்கக்குள்ள கலியாணம் முடிச்சுத் தந்திட்டாங்க சேர். இப்ப அவர் இஞ்ச இல்ல. எனக்குக் கொஞ்சம் நேரம் கிடச்சிரிக்கி."

"அவர் வந்தா?"

"வரக்குள்ள நான் பாஸ் பண்ணி முடிச்சிருவன்."

அதிபர் அவவைச் சேர்த்துக்கொண்டார். இடுப்பிலிருந்த பிள்ளைக்கு அவர் எழுதியிருந்த ஒழுக்க விதிக் கோவையில் எந்த இலக்கத்தின்கீழ் இடம் கொடுப்பது என்பதுதான் அவருக்குச் சிக்கலாக இருந்தது.

அடுத்த சிக்கல் திரை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் திரை இல்லாமல் வகுப்பு நடத்த ஏலாது என்று கல்லூரி நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. நெசவுக்கார மாணவர் தன் தறியிலிருந்து நீலக் கோடு போட்ட நீளமான துணி கொண்டுவந்தார். வகுப்பின் பின்சுவரிலிருந்து கரும்பலகை வரைக்கும் அதைக் கட்டினார்கள். பலகையின் நடுவில் போய் அது முட்டி நின்றது. பெண் விரிவுரையாளர் எந்தப் பக்கம் நிற்பது? இதற்கு மட்டும் இரண்டு கூட்டம் நடந்தது. நான் திரையின் நுனியில், இரண்டு பக்கமும் தெரியாமலும் தெரிந்தும் நிற்க வேண்டும் என்று முடிவானது. அப்படி நின்று பார்த்தவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை.

மூன்றாம் வாரம் நான் முக்கூற்று நியாயத்தை ஆரம்பித்தேன். புத்தகத்து உதாரணம் வெள்ளைக்காரப் பெயர்களாக இருந்தது. நம் ஊர் ஆளை வைத்துச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன். பெண்கள் பக்கப் பலகையில் இரண்டு வரி எழுதினேன். 'மனிதர் எல்லோரும் இறப்பவர்கள். போடியார் ஒரு மனிதர்.' அந்தப் பக்கத்தில் இடம் முடிந்தது. திரையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய் முடிவை எழுதினேன். 'ஆகவே போடியார் இறப்பார்.' வாயால் மூன்றையும் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அன்றைக்கு மழை, கிடுகில் ஒரே சத்தம். ஆண்கள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன்பே செய்தி பள்ளிவாசலுக்கு வந்துவிட்டது. இரவு இஷாத் தொழுகைக்குள் அது வளர்ந்திருந்தது. போடியாருக்கு உள்ளே ஏதோ வருத்தமாம், டொக்டர் நாள் குறித்துவிட்டாராம், கல்லூரிக்காரருக்கு மட்டும் சொல்லியிருக்கிறாராம். மறுநாள் காலையில் அவருடைய வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அவருடைய தங்கை ஒலுவிலிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கினா. வயற்காரர்கள் இரண்டு பேர் இனி யாரிடம் கதைப்பது, மூத்த மகனிடமா என்று பணிவாகக் கேட்டார்கள்.

பின்னேரம் போடியார் கல்லூரிக்கு வந்தார். வகுப்பு அப்படியே எழுந்து நின்றது. அதிபர் பின்னால் ஓடி வந்தார்.

"புள்ள, நான் மௌத்தாகப்போறன் என்டு பலகையில எழுதினயாமே?"

"ஓம் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல? பலகையில் இன்னும் அது இருந்தது.

"எப்ப என்டும் எழுதினயா?"

"இல்ல மாமா. அது ஒரு நியாயம். மேல ரெண்டு வரி இரிக்கி. அது அந்தப் பக்கம்."

போடியார் திரையை ஒரு கையால் விலக்கிப் பெண்கள் பக்கப் பலகையைப் பார்த்தார். விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டு வாசித்தார். இரண்டு வரியையும் வாசித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து மூன்றாவதை வாசித்தார். திரும்பவும் போய் முதலாவதை வாசித்தார்.

"இதுல ஒரு பிழையும் இல்லயே."

"இல்ல மாமா."

"எல்லாரும் மௌத்தாகிற. நானும் மனிசன். மறுகா நான் மட்டும் எப்பிடித் தப்புற?" அவர் ஆண்கள் பக்கம் திரும்பினார். "கடைசி வரிய மட்டும் கொண்டு போய் என்ட தங்கச்சிய ஒலுவில்லயிருந்து அழவச்சிருக்கானுகள். சேர், இந்தச் சீலையக் கழட்டுங்க. பாதி பாதியாப் படிச்சா ஊரையே மௌத்தாக்கிப் போடுவானுகள்."

"நிர்வாகக் குழுத் தீர்மானம்..." என்று அதிபர் தொடங்கினார்.

"குழு என்ட ஸ்டோருக்குள்ளதானே இரிக்கி?"

திரை கழன்றது. நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்ததை ஒரு முக்கூற்று நியாயம் கவிழ்த்துவிட்டது. நான் படித்த படிப்பு ஊருக்கு உபயோகப்பட்டதை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். திரைக்குப் பதிலாக நடுவில் நெல் மூடைகளை ஒரு வரிசை அடுக்கிவைத்து அதிபர் தன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதன் பிறகு போடியார் வியாழக்கிழமைகளில் வந்து பின்வரிசை வாங்கில் இருப்பார். அளவையியல் அவருக்குப் பிடித்துப்போனது. ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு அது நல்லதாக இருக்கவில்லை. மழை வெள்ளம் என்று லீவு கேட்டு வருகிறவனிடம், "மழை பெஞ்சா ரோட்டு நனையும், சரி. ரோட்டு நனஞ்சிரிக்கி என்டதால மழை பெஞ்சது என்டு செல்ல ஏலுமா?" என்று கேட்டு அனுப்பிவிடுவாராம். அவன் வெள்ளம் வந்த வீட்டுக்குத் திரும்பிப் போவான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பரீட்சை முடிவு வந்தது. தோற்றியவர்களில் எல்லாப் பாடமும் சித்தியடைந்தது ஒரே ஒருவர். அந்த நாலு பிள்ளைத் தாய். ஊரெல்லாம் பாராட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் போடியாரின் படம் நடுவில், அதிபரின் படம் பக்கத்தில். 'எமது கல்லூரிச் சகோதரி ஒருவர்' சாதனை படைத்ததாகக் கீழே ஒரு வரி இருந்தது. அவவின் பெயரும் படமும் இல்லை. பெண்ணின் பெயரைச் சுவரில் ஒட்டுவது மரியாதை இல்லையாம். புருஷன் சவூதியிலிருந்து கடிதம் போட்டிருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டினா.

"'பட்டம் கிடைத்தது சந்தோஷம். இனிப் பிள்ளைகளைப் பார்.' இவ்வளவுதான் டீச்சர். இவ்வளவு நாளும் நான் ஆட்டையா பாத்தன்?"

அடுத்த மாதம் அவ எங்கள் கல்லூரியில் உதவி விரிவுரையாளரானா. இனி நான் ஒருத்தி மட்டுமல்ல, நாங்கள் இரண்டு பேர் என்றானதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

பிறகு எண்பதுகளின் நடுப்பகுதி வந்தது. எங்கள் ஊருக்கும் மாஸ்டரின் ஊருக்கும் நடுவில் கலவரம் மூண்டது. தொடங்கியது யார் என்பது இரண்டு பக்கத்துக்கும் மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, பதில்தான் வேறு வேறாக இருந்தது. வீடுகள் எரிந்தன. இங்கே ஜனாஸாக்கள் போயின, அங்கே பாடைகள் போயின. அந்த நாட்களைப் பற்றிக் கேலியாக எழுத எனக்குக் கை வரவில்லை. ரோட்டின் நடுவில் மரம் தறித்துப் போட்டார்கள். மாஸ்டர் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வகுப்புகள் திரும்பவும் தொடங்கின. தமிழ்ப் பாடம் பாதியில் நின்றது, பரீட்சைக்கு நாள் குறைவு. நிர்வாகக் குழு கூடியது.

"நம்மட ஆள் ஒருத்தரப் பாத்துப் போடுவம்" என்றார் பள்ளிவாசல்காரர். சிலர் தலையாட்டினார்கள்.

உதவி விரிவுரையாளர் எழுந்தா. குழுவில் பேச அவவுக்கு உரிமை இல்லை. அதை யாரும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

"மாஸ்டர் பாடத்தப் பாதியில விட்டிட்டுப் போகல்ல. ரோட்ட மறிச்சது நாம, அவங்க, எல்லாரும். அவர் எனக்குப் படிச்சுத் தந்தவர். வேற ஆளப் போட்டா அந்த வகுப்புக்கு நான் புள்ளைகள அனுப்பமாட்டன்."

"அவர் வர ஏலாதே. என்ன செய்யிற?"

"கடிதம் போடுவம்."

போட்டா. மாணவர்களின் சந்தேகங்களை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினா. நடந்தே போய்வரக்கூடிய இடத்துக்கு அந்தக் கடிதம் போக ஒன்பது நாள் ஆனது. எந்தெந்த ஊரைச் சுற்றியதோ தெரியாது, பதில் உறையில் நாங்கள் கேள்விப்படாத தபால் கந்தோர்களின் சீல் எல்லாம் இருந்தது. உள்ளே ஒரு அப்பியாசக் கொப்பி. யாரோ சின்னப் பிள்ளையுடையது, பெயர் எழுதிய இடம் கிழிக்கப்பட்டிருந்தது. அதோடு எங்கள் கடிதமே திரும்பி வந்திருந்தது, அடியில் மாஸ்டரின் பதிலோடு.

'அன்புள்ள பிள்ளைகளுக்கு, நலம் அறிய ஆவல். உங்கள் கடிதத்தில் ஐந்து பிழைகள் உள்ளன. சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். பாடக் குறிப்புகளை இத்துடன் அனுப்புகிறேன். புத்தகங்கள் கைவசம் இல்லை. செய்யுள்களை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுக்கவும்.'

புத்தகங்கள் கைவசம் இல்லை. மாஸ்டரின் வீட்டில் ஒரு அறை முழுக்கப் புத்தகம் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அதிபர் கடிதத்தை வாங்கி வாசித்தார். எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். செய்யுள் நூலை எடுத்து, மாஸ்டர் எழுதியதோடு வரி வரியாக ஒப்பிட்டார். பழைய அதிகாரி அல்லவா, பிழை பிடிக்காமல் விடமாட்டார் என்று காத்திருந்தோம். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்ல" என்றார். பிறகு அந்தப் புத்தகத்தையும் இன்னும் நாலைந்தையும் பழைய பத்திரிகையில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, மாஸ்டரின் விலாசத்தை எழுதினார். ஐந்து வருஷமாக ஒரு புத்தகம் இரவல் கொடுக்காத நூலகத்தின் முதல் இரவல் அதுதான்.

நாலு மாதம் இப்படித் தபாலில் படித்தோம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. 'கடைசிப் பகுதியை எழுத்தில் நடத்த முடியாது. அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன்.'

அதிபர் பதறிப்போனார். "வர வேணாம் என்டு ஒடன எழுதுங்க!"

"இண்டைக்குச் செவ்வாய் சேர்" என்றேன். "தபால் போக ஒன்பது நாள்."

நிலைமை கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனாலும் சந்தியில் இளைஞர்கள் நின்று போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விஷயம் போடியாரிடம் போனது. வியாழக்கிழமை அவர் சாரதியை இறக்கிவிட்டு, உழவு மெஷினைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போனார். அங்கே குடையை ஊன்றிக்கொண்டு மாஸ்டர் நடந்து வந்துகொண்டிருந்தாராம். சைக்கிள் இல்லை. போடியார் அவரை மட்காட்டில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு திரும்பினார். சந்தியில் ஒருவன் கையைக் காட்டி மறித்தான்.

"ஆரு மாமா இது?"

"என்ட கல்லூரி மாஸ்டர். ஏன், ஒனக்கு அட்மிஷன் வேணுமா? ஓ.எல். பாஸா நீ?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு விலகினான். அந்தக் கேள்விக்குத் துவக்குச் சூட்டைவிட எங்கள் பொடியன்கள் பயந்த காலம் அது.

மாஸ்டர் வகுப்புக்குள் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். நன்றாக மெலிந்திருந்தார். சட்டை அவருடையதல்ல என்று பார்த்தாலே தெரிந்தது. "எங்க விட்டனாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்கினார். குரல் கரகரத்துப்போயிருந்தது. ஆனாலும் ராகம் பிசகவில்லை. முக்கால் மணி நேரம் பாடினார், நிறுத்தினார், விளக்கினார், மீண்டும் பாடினார். மருதமுனை நெசவுக்காரர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். பள்ளிவாசல்காரர் வாசலுக்கு வெளியே, அந்தப் புல் இல்லாத புல்தரையில் நின்று முழுப் பாடத்தையும் கேட்டார். ஒருவரும் குறிப்பு எழுதவில்லை. அதிபர் மட்டும் ஆசிரியர் வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து ஒப்பம் வாங்கி, குறிப்புக் கட்டத்தில் 'தாமதம்' என்று எழுதினார். மாஸ்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஆறு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு எனக்கு எழுதினார்.

அந்த வருஷம் தமிழில் எங்கள் மாணவர்கள் ஒருவரும் தவறவில்லை. மாஸ்டர் அடுத்த வருஷம் மகனோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். என் கடிதங்களைத் திருத்தி அனுப்புவதை அவர் கடைசிவரைக்கும் நிறுத்தவில்லை.

கல்லூரி ஒரு சண்டையிலும் அழியவில்லை. அதை முடித்தது தட்டெழுத்து. பக்கத்துக் கட்டடத்தில் தட்டெழுத்து வகுப்பும், வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் கதைக்கும் வகுப்பும் திறந்தார்கள். மூன்று மாதத்தில் வேலை என்று பலகை போட்டார்கள். மனிதனாக்குகிறோம் என்ற எங்கள் பேச்சுக்கு அதோடு போட்டியிட முடியவில்லை. நெசவுக்காரர் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போனார். எனக்கு ஒருவழியாக அரசாங்க நியமனம் வந்தது. உதவி விரிவுரையாளருக்கும் வந்தது. புருஷன் திரும்பி வந்து, அவவைப் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார். ஊர் அதைக் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

எண்பதுகள் முடியப்போகும் நேரம் மாணவர்கள் ஆறு பேர் மிஞ்சினார்கள். போடியாரின் மூத்த மகனுக்கு அந்தக் கட்டடத்தில் உழவு மெஷின் உதிரிப்பாகக் கடை போடும் எண்ணம். கடைசி நிர்வாகக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போடியார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடுகிறோம் என்ற சொல்லைக் கூட்ட அறிக்கையில் எழுத அதிபரின் கை ஓடவில்லை. பதிலாக, 'கல்லூரியின் நடவடிக்கைகள் தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகின்றன' என்று எழுதினார். எல்லோரிடமும் ஒப்பம் வாங்கினார்.

சில வருஷங்களில் ஒலுவிலில் பெரிய பல்கலைக்கழகமே வந்தது. உண்மையான புல்தரை, உண்மையான கூரை, திறப்பு நூலகரிடமே இருக்கிற நூலகம். நல்லதுதான். ஆனால் எங்கள் ஒத்திவைப்புத் தீர்மானத்தை இன்றுவரைக்கும் யாரும் ரத்துச் செய்யவில்லை. சட்டப்படி பார்த்தால் நான் இன்னும் அங்கே அளவையியல் விரிவுரையாளர்.